“நல்லா இருக்காங்க மேடம்”

மதிய இடைவேளை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, எங்கள் கம்பெனியின் பெண்கள் கழிப்பறையில், கடைசி அறைக்குள் ஒரு குழாய் முழு வேகத்தில் திறக்கும். கீழே வாளி காலியாக இருப்பதால் முதலில் பெரிய இரைச்சல் கேட்கும். வாளி நிறைய நிறைய இரைச்சல் அடங்கும். அதற்குள் உள்ளே இருப்பவள் வாந்தி எடுத்து முடித்துவிட வேண்டும். சில நாள் முடியாது. அப்போது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அந்தச் சத்தம் வெளியே வரும். நான் கை கழுவும் இடத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு அது பிடித்திருந்தது. இன்று அதை நினைத்தால் கூசுகிறது. ஆனால் அன்று கூசவில்லை.

உள்ளே இருந்தவள் ஸ்டோர் அக்கா. ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் க்வாலிட்டியில் இருக்கிறேன், அவள் ஸ்டோர் பொறுப்பு. அவளுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகிக் குன்றத்தூரில் குடியேறி இருபது வருடமாகியும் பேச்சு மாறவில்லை. கம்பெனி பஸ்ஸில் அவள் குன்றத்தூரில் ஏறுவாள், நான் படப்பையில். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து போவோம். மூன்றாவதாக ஒருவர் உட்கார இடமிருக்காது. நான் நூற்றுப் பதினெட்டு கிலோ, அவள் நூற்று இருபத்தொன்று. “மூணு கிலோ நான் ஒனக்கு மூத்தவட்டி” என்பாள். அந்தப் பஸ்ஸில் எங்களைப் பற்றிய கேலியை எங்களுக்கு முந்தி வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவள் கவனமாக இருந்தாள். நானும் அவளோடு சேர்ந்து சிரிப்பேன்.

அறுவை சிகிச்சைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது நான்தான். எனக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. அக்காவுக்கு முட்டி போய்விட்டது. சென்னையில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே டாக்டரிடம், ஒரே வாரத்தில் இருவரும் படுத்தோம். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போலத் தைத்துவிடுவார்கள். அதன்பிறகு ஒரு இட்லி சாப்பிட அரை மணி நேரம் ஆகும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. இரண்டு வாய்க்குப் பிறகு நெஞ்சுக்குழியில் ஒரு கல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது டயட்டீஷியன் மேடம் ஒரு தாள் கொடுத்தார். வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தக் கூடாது, வாந்தி தொடர்ந்தால் உடனே வரவேண்டும், கால் மரத்துப்போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. நான் அதைச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். தினமும் கண்ணில் பட்டுப் பட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அக்காவுக்கு மளமளவென்று குறைந்தது. மூன்றாவது மாதம் வளையல்கள் கழன்று விழுந்தன. ஆறாவது மாதம் புதிய சுடிதார்கள் தைத்தாள். பஸ்ஸில் எங்கள் சீட்டில் மூன்றாவதாக ஒரு பெண் வந்து உட்காரத் தொடங்கினாள். எனக்கு ஆறு மாதத்தில் பன்னிரண்டு கிலோ. அதற்குப் பிறகு நூற்றாறில் நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலையில் எடை பார்ப்பேன். ஏழு திங்கட்கிழமை நூற்றாறு. அந்த எந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்து மருந்துக் கடை எந்திரத்தில் ஏறிப் பார்த்தேன். அதுவும் நூற்றாறு என்றது. தலைமுடி கொத்துக் கொத்தாகப் போனது. பசித்தும் தின்னாமல், தின்றாலும் இறங்காமல், இத்தனைக்கும் பிறகு உடம்பு அப்படியே நிற்கும்போது முதலில் நம் மேலேயே நமக்குச் சந்தேகம் வரும். ராத்திரி தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அந்த வருட ஆயுத பூஜை அன்று கேன்டீனில் பொரி, சுண்டல், கேசரி எல்லாம் கொடுத்து முடித்த பிறகு, லைனில் வேலை செய்யும் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். எப்படி இவ்வளவு இளைத்தீர்கள் என்று கேட்டார்கள். அக்கா பச்சை நிறத்தில் புது சுடிதார் போட்டிருந்தாள். நான் பக்கத்து மேசையில் ஒரு கரண்டி சுண்டலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடலையாக மென்றுகொண்டிருந்தேன். அவள் என்னைக் கை காட்டினாள்.

“ஒரே டாக்டர், ஒரே கத்தி. நான் வாயக் கட்டுனேன். அவ கட்டல. அம்புட்டுத்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் என் கையிலிருந்த சுண்டலைப் பார்த்தார்கள். பத்து வருடமாக எங்கள் இருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்த கேலியை அவள் எடுத்து அவர்களிடம் கொடுத்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேனோ என்னவோ. என் கணவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எனக்கு ஏன் குறையவில்லை என்று அவர் அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். ஒரகடம் கூட்டுரோட்டில் நான் பஜ்ஜிக் கடையில் நின்று சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்ததாக அவள் சொல்லியிருக்கிறாள். பார்க்கவில்லை. நான் அந்தக் கடைப் பக்கம் போனதே இல்லை. அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் என் சாப்பாட்டுப் பையை வாங்கிக் கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், மாத்திரை அட்டை, தண்ணீர் பாட்டில், ஒரு கைக்குட்டை. கைக்குட்டையை முகர்ந்து பார்த்தார்.

“இன்னா பண்ற?” என்று கேட்டேன்.

“அக்கா பொய் சொல்வாங்களா? வவுத்த அறுத்துக்கினு வந்து பஜ்ஜி துன்னா எப்டி கொறையும்?”

நான் இல்லை என்று சொன்னேன். ஒரு முறைதான் சொன்னேன். இரண்டாவது முறை சொல்லத் தோன்றவில்லை. அவர் முகர்ந்த அந்தக் கைக்குட்டையை மடித்து வைக்கும்போதே, அக்கா விழ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி என்று தெரியாது. விழ வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும்.

கார்த்திகை மாதத்தில்தான் அந்தக் குழாய்ச் சத்தம் காதில் பட்டது. முதல் நாள் தற்செயல். மறுநாள் வேண்டுமென்றே போனேன். ஒரு வாரத்தில் தெளிவாகிவிட்டது: அவள் விரலை விட்டு வாந்தி எடுக்கிறாள், தினமும். வைட்டமின் மாத்திரை பசியைக் கிளப்புகிறது என்று நிறுத்திவிட்டதை அவளே பஸ்ஸில் பெருமையாகச் சொன்னாள். எல்லோரிடமும் சொல்லி அவள் மானத்தை வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அதைவிடச் சுலபமான ஒன்று தெரிந்தது. ஒன்றுமே செய்யாமல் இருந்தால் போதும். கதவில் ஒட்டியிருந்த தாளில், இனி என்ன ஆகும் என்பது எழுதியிருந்தது.

மார்கழியில் நான் பரிசோதனைக்குப் போனேன். டயட்டீஷியன் மேடம் என் ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “சர்க்கரை மாத்திரையை நிறுத்திடலாம்னு டாக்டர் சொல்றார். தூக்கம் எப்படி?” என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். “பதினஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு. சில உடம்பு மெதுவாத்தாம்மா இறங்கும். நீங்க ஒரு தப்பும் பண்ணல.” அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்தார். பிறகு பேச்சுவாக்கில் கேட்டார்.

“உங்க கூட ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்களே, அவங்க வரவே இல்லையே. போன் பண்ணாலும் எடுக்கறதில்ல. எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க மேடம்” என்றேன்.

கோபத்தில் சொன்னதாகவும் சொல்ல முடியாது. மனம் அப்போதுதான் லேசாகியிருந்தது. வேண்டியது கிடைத்த பிறகும், கையில் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னேன்.

அடுத்த மாதம் ஒரு காலையில் பஸ்ஸில் அக்காவின் காலைப் பார்த்தேன். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது குன்றத்தூர் நிறுத்தத்திலேயே கழன்றிருக்க வேண்டும். அவள் அதை அறியவில்லை. வெறுங்காலைப் பஸ்ஸின் இரும்புத் தரையில் வைத்துக்கொண்டு மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கால் மரத்துப்போனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. எனக்கு வாய்வரை வந்தது. “அக்கா, செருப்பு” என்று மட்டும் சொன்னேன். அவள் குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. “அறுந்துட்டு போலுக்கு” என்றாள்.

நான்காம் நாள் கம்பெனி வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தாள். கால் மடங்கி, அப்படியே உட்கார்ந்த மாதிரி விழுந்தாள். தூக்கினால் நிற்கவில்லை. என்னைப் பார்த்து, “ரெண்டு ரெண்டாத் தெரியுதட்டி” என்றாள். கம்பெனி ஆம்புலன்ஸில் பக்கத்திலிருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறிக்கொண்டேன். அவள் கணவர் கால் டாக்ஸி ஓட்டுபவர். எங்கேயோ சவாரியில் இருந்தவர் அரை மணியில் வந்துவிட்டார். காலையில் சாப்பிடாமல் வந்த மயக்கம் என்று நினைத்து நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார். என் சமையலறைக் கதவிலிருந்த தாளின் கடைசி வரி அதைப் பற்றியதுதான். வைட்டமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றக் கூடாது, மூளையைப் பாதிக்கும்.

நான் விரும்பியது நடந்துகொண்டிருந்தது. பேசாமல் நின்றால் முழுதாக நடந்துவிடும். நர்ஸ் அக்காவின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கை அவ்வளவு மெலிந்திருந்தும் நரம்பு கிடைக்கவில்லை. அந்தச் சில நொடிகள் நான் சும்மா நின்றேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு பக்கத்தில் நின்ற டியூட்டி டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். “சார், இவங்களுக்கு வவுத்துல ஆபரேஷன் ஆயிருக்கு. மாத்திரை எதுவும் போடறதில்ல. தெனமும் வாந்தி எடுக்கறாங்க. கால் மரத்துப் போச்சு. குளுக்கோஸ் ஏத்தாதீங்க, மொதல்ல வைட்டமின் ஊசி போடுங்க.”

அவர் நர்ஸைக் கையமர்த்தினார். “எவ்வளவு நாளா வாந்தி?”

“ரெண்டு மாசமா.”

ஊசி போட்டார்கள். சென்னைக்குப் போன் செய்தார்கள். அந்தப் பரபரப்பு அடங்கியதும் அக்காவின் கணவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. புரிந்துகொள்ளப் பார்க்கிறவரின் குரல்.

“ஒனக்கு ரெண்டு மாசமாத் தெரியுமாம்மா?”



அக்கா பிழைத்தாள். பார்வை ஒரு வாரத்தில் சரியானது. காலில் பலம் வரவில்லை. மூன்று மாதம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். வைகாசியில் என்னை வரச் சொல்லிப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை போனேன். குன்றத்தூர் மலைக்குப் பின்னால் முதல் மாடியில் வீடு. அக்காவுக்குக் கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது. என்னை எதிரே உட்காரச் சொன்னாள்.

“கதவுக்குக் கீழ ஒன் ஷூ தெரியும்லா” என்றாள். “நீ நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தே. இவ போய்ச் சொல்லிருவா, டாக்டரு வந்து திட்டுவாருன்னு தெனமும் நெனைப்பேன். நீ சொல்லல.”

“நீ ஏன்க்கா அப்டிப் பண்ண?”

“ஆயுத பூசைக்கு முந்தியே எனக்கு வெயிட்டு கொறயிறது நின்னு போச்சுட்டி. மூணு கிலோ ஏறவும் செஞ்சுது. எல்லாரும் என்னயவே பாக்காங்க. என்ன செய்யச் சொல்லுத? ஒன்னயக் காட்டுனா என்னய விட்ருவாங்கன்னு நெனச்சேன்.”

அவளுக்கும் நின்றுபோயிருந்தது. என்னுடைய ஏழு திங்கட்கிழமைகள் அவளுக்கும் இருந்திருக்கின்றன. அதைக் கேட்டு என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னைக் கொடுத்திருக்கிறாள் என்பதுதான் எனக்குக் கேட்டது.

“ரெண்டும் சரியாப் போச்சுன்னு வச்சுக்குவோமா?” என்றாள்.

“இல்லக்கா” என்றேன். “என் வூட்டுக்காரருக்குப் போன் போடறேன். நீ சொன்னது பொய்னு உன் வாயால சொல்லு.”

என் போனில் அவர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். அவளுக்கு வியர்த்தது. எனக்குப் பாவமாக இல்லை.

“தம்பி, அன்னைக்கு ஒங்கிட்ட சொன்னேம்லா, அவ பஜ்ஜிக் கடையில நின்னான்னு. நான் பாக்கல. பொய் சொல்லிட்டேன்.”

மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் யோசித்தார்.

“எந்த பஜ்ஜிக்கா?” என்றார். “எனக்கு நெனப்பே இல்லியே. அத்த விடுக்கா, நீ ஒடம்பப் பாத்துக்க.”

அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒருத்தி நடையை இழந்தாள், இன்னொருத்தி ஒரு கொலையின் விளிம்புவரை போய் வந்தாள். அவருக்கு நினைவே இல்லை. அவள்தான் முதலில் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் சேர்ந்துகொள்ளவில்லை. ஆனால் அவள் மேலிருந்த என் கோபம் விலகி என் கணவர் பக்கம் திரும்பிவிட்டது. இறங்கி வந்து ஷேர் ஆட்டோவில் படப்பை வரும்வரை அது திரும்பிய பக்கமே இருந்தது.

அன்று மாலை இட்லி. கணவர் நாலு இட்லியை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழப் போனார். “உக்காரு” என்றேன். “நான் துன்றத நீ பாத்ததே இல்ல. பாரு.” சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு இட்லியை எட்டாகப் பிய்த்தேன். ஒவ்வொரு துண்டையும் மென்றேன். நடுவில் கல் வந்து உட்கார்ந்தபோது கண்ணை மூடிக் காத்திருந்தேன். அவர் போனை எடுத்தார். வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். ஆறாவது துண்டோடு நிறுத்தினேன். முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அவர் நெற்றி வியர்த்திருந்தது.

“தெனமும் இப்டித்தானா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தெனமும்” என்றேன்.

அக்கா இப்போது உட்கார்ந்து செய்யும் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பஸ் ஏறும்போது ஒரு கை பிடிக்க வேண்டும். பிடிக்கிறேன். நாங்கள் பழையபடி பேசிக்கொள்வதில்லை. என் எடை இன்று தொண்ணூற்று மூன்று. மாதத்துக்கு அரை கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. டயட்டீஷியன் மேடத்திடம் நான் சொன்ன பொய்யை இன்னும் சொல்லித் திருத்தவில்லை. நான் தின்று முடிக்கும்வரை என் கணவர் தினமும் எதிரே உட்கார வேண்டும். சில நாள் கெஞ்சிப் பார்க்கிறார், வேலை இருக்கிறது, முதுகு வலிக்கிறது என்கிறார். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. அவர் உட்கார்ந்துகொள்கிறார். நான் மெல்லுகிறேன்.