டேப்பக்காவின் இரண்டு விண்ணப்பங்கள்

தைத்துக் கொடுத்த சீருடை கிழிந்து திரும்பி வந்தால், கொண்டுவந்தவரின் முகத்தை டேப்பக்கா பிறகுதான் பார்ப்பார். முதலில் சட்டையைப் புரட்டுவார். அக்குள், பையின் மூலை, முழங்கால், உட்காரும் இடம் என்று விரலால் தடவிக்கொண்டே போவார். “நோயாளியத் தனியாளாத் தூக்கினியா? ரெண்டு கையிலயும் தையல் விட்டிருக்கு பாரு. இன்னொருத்தியக் கூப்பிட்டுக்கணும்டி” என்பார். நர்சிங் படிக்கும் அந்தப் பெண் திருதிருவென விழிப்பாள்.

அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே தூங்கி எழுபவர் என்பதால் அந்தப் பெயர். ஊரில் உள்ள நர்சிங் கல்லூரிகளில் முக்கால்வாசிக்கு அவர் கடைச் சீருடைதான். தைப்பதோடு நிறுத்தியிருந்தால் வீட்டில் ஒரு வம்பும் இல்லை. முப்பத்து நாலு வயதில், நானும் நர்சாகப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

நேற்று முளைத்த ஆசை இல்லை அது. பள்ளி முடித்த வருடமே போயிருக்க வேண்டியவர். அந்த நேரம் பார்த்து அப்பா படுக்கையில் விழுந்தார். அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகில் ஒரு புண் வராமல் கடைசிவரை பார்த்துக்கொண்டது டேப்பக்காதான். அதன் பிறகு தையல் மெஷின் ஆளை விழுங்கிவிட்டது. வயது முப்பத்தைந்து ஆகிவிட்டால் எந்தக் கல்லூரியும் விண்ணப்பத்தைக் கையில்கூட வாங்காது. இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

கூடவே இருக்கும் அண்ணன், லிஃப்ட் பழுது பார்ப்பவர். தங்கைமேல் உயிரையே வைத்திருக்கிறார். வாய்தான் கொஞ்சம் நீளம். “போடுறதுன்னு ஆயிடுச்சு, எல்லாத்துக்கும் போட்டுத் தள்ளு. எவனாவது போனாப்போகுதுன்னு எடுத்துப்பான்” என்றார்.

டேப்பக்காவுக்குச் சுருக்கென்றது. “போனாப்போகுதுன்னு எடுக்கிற இடத்துல எனக்கென்ன வேலைண்ணா?”

அன்றிலிருந்து கல்லூரிகளைக் கழிக்க ஆரம்பித்தார். ஹாஸ்டல் பிள்ளைகள் மாதாமாதம் இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவரும் கல்லூரி முதலில் அடிபட்டது. “வயிறாரச் சோறு போடாதவங்க என்னத்தச் சொல்லித் தரப்போறாங்க?” இன்னொன்றில், மூன்றாம் வருடப் பெண்ணின் சீருடைகூட மடிப்புக் கலையாமல் இருந்தது. உட்காரும் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. “பெஞ்சுல உக்கார வெச்சே நர்சாக்கிடுவாங்க போல” என்று அதையும் ஒதுக்கினார்.

ஒரு கல்லூரியை மட்டும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அங்கிருந்து வரும் அத்தனை சட்டையிலும் அக்குள் கிழிந்திருந்தது. “இங்கதான் நோயாளியத் தொட்டு வேலை பழக்குறாங்க” என்று அண்ணனிடம் அளந்துகொண்டிருந்தபோது, அந்தக் கல்லூரிப் பெண் ஒருத்தி உள்ளே வந்தாள்.

“ஐயோ அக்கா, அது வாலிபால் ஆடிக் கிழிச்சது! யாரு போய் வேற துணி மாத்திக்கிட்டு ஆடுறது?”

டேப்பக்கா அசடு வழிந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் கிழிசலைப் பார்த்ததோடு விடாமல், எப்படிக் கிழிந்தது என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்.

கடைசியில் தேறியது இரண்டே இரண்டு கல்லூரி. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரிக்குப் பொறுக்கவில்லை. “நர்சாக ஏன் விரும்புகிறேன்னு ஒரு தடவை எழுதுங்கக்கா. எத்தனை காலேஜ் இருக்கோ அத்தனைக்கும் நகல் எடுத்துத் தர்றேன்.”

“ஒரே அளவுல ஊருக்கே தெச்சா, ஒருத்தருக்கும் பொருந்தாதும்மா.”

சொல்லிவிட்டாரே தவிர, உள்ளே உதறல்தான். இரண்டும் கைவிட்டால் மூன்றாவதாக ஒரு வாசல் கிடையாது. இரண்டு கல்லூரிக்கும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதினார். எழுதியதை அடித்தார், மறுபடி எழுதினார். நுழைவுத் தேர்வுக்குப் போன இடத்தில் காவலாளி, “பெத்தவங்க வெளியில நிக்கணும்மா” என்று தடுத்தார். “பெத்தவங்க இல்லைங்க, பரீட்சை எழுதுறவதான்” என்று நுழைவுச் சீட்டைக் காட்டிவிட்டு, தலை நிமிர்ந்து உள்ளே போனார். இரண்டு கல்லூரி நேர்காணலுக்கும் போய்விட்டு வந்தார்.

முதல் கல்லூரியிலிருந்து சேர்த்துக்கொள்வதாகத் தகவல் வந்த அன்று, தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டார். அந்த வாரமே இரண்டாவதும் எடுத்துக்கொண்டது. போட்டது இரண்டு, கிடைத்ததும் இரண்டு! ஜெராக்ஸ் கடைக்காரி தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கடையைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரியோடு சேர்ந்த முதல் கல்லூரிக்கே போவதென்று டேப்பக்கா முடிவு செய்தார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, “எதுக்கும் ரெண்டையும் கையில வெச்சுக்க. நாளைக்கே அவங்க வேண்டாம்னுட்டா?” என்றார்.

“அந்த இடத்துக்கு எவளாவது காத்துட்டிருப்பாண்ணா.”

அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது கல்லூரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரை அழுத்தி, போனை அண்ணனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “எனக்கு உங்க இடம் வேண்டாம்ங்க. அடுத்து இருக்கிறவங்களுக்குக் குடுத்துடுங்க.”

மறுமுனையில் இருந்த அம்மாள் பதறிப்போனார். “அவசரப்படாதீங்கம்மா. நேர்காணல்ல உங்களைப் பார்த்ததுலேர்ந்து எங்க பிரின்ஸிபால் உங்களைத்தான் சொல்லிட்டிருக்காங்க. உங்கள மாதிரி ஆளு எங்களுக்கு வேணும்.”

அண்ணன் பிசைந்த சோற்றோடு கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

“சரியாக் கேக்கலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க” என்றபடி, டேப்பக்கா எட்டி போனின் சத்தத்தைக் கூட்டினார்.