குளித்த நாளும் முதல் நாளும்

எங்கள் கணபதி பகுதியில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாதக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்து, இரண்டு தாள்களைப் பின்னுக்குப் புரட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவள் பிறந்தபோது எனக்கு ரத்த அழுத்தம் ஏறி, பிழைப்பேனா என்று எல்லோரும் பயந்திருந்தார்கள். மோட்டார் பட்டறையில் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலைக்குத் திரும்பி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மறுபடி நாள் தள்ளிப்போய்விட்டது.

கலைத்துவிடலாம், மெடிக்கலில் மாத்திரை வாங்கி வருகிறேன் என்று வீட்டுக்காரர் அன்றே முடிவைச் சொல்லிவிட்டார். நான் கத்தரிக்காயையே நான்கு முறை திருப்பிப் பார்த்து வாங்குகிறவள். உள்ளே போய் என்ன செய்யும் என்று தெரியாத மாத்திரையை எப்படி விழுங்குவேன்? பிடிவாதம் பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

டாக்டரம்மா அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கடைசியாகத் தீட்டு வந்தது எப்போது என்று கேட்டார். தலைக்கு ஊற்றிய தேதியைச் சொன்னேன். எங்கள் வீட்டுப் பெண்கள் அதைத்தான் நினைவில் வைப்போம்.

"குளிச்ச நாள் வேண்டாம் அம்மணி, ரத்தம் பட்ட மொத நாள் சொல்லுங்க."

பட்டறையில் ஒரு சுற்றும் தப்பாமல் எண்ணுகிறவள், தள்ளிப்போன இருபத்தைந்து நாளை மட்டும் எண்ணிக்கொண்டு போயிருந்தேன். முதல் நாளிலிருந்து எண்ணிய டாக்டரம்மா கணக்கில் ஏழரை வாரம். முதல் நாளில் கருவே இல்லையே, வயது எப்படி ஓடும் என்று கேட்டேன். சிரித்தார். கரு உண்டான நாள் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, இந்த நாள் தெரியும், அதனால் இங்கிருந்து எண்ணுகிறோம் என்றார். மாத்திரை ஒன்பது வாரம் வரைதான், தாண்டினால் வேறு முறை. கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை கேட்காது, உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் ஸ்கேன். நல்லவேளை, கர்ப்பப்பையில்தான் இருந்தது. முதல் மாத்திரை கருவைத் தாங்கும் ஹார்மோனைத் தடுக்கும், இரண்டு நாள் கழித்துப் போடுவது கர்ப்பப்பையைச் சுருக்கி வெளியேற்றும் என்று நான் கேட்கக் கேட்கச் சொன்னார்.

பிறகு பேனாவை மூடி வைத்தார். "பெத்துக்கலாம், பிரஷரை மொதல்ல இருந்தே பாத்துக்கலாம். பெத்துச் சட்டப்படி தத்துக் குடுக்கலாம். கலைக்கலாம். உங்களுக்கு என்னங்க வேணும்?"

அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போது வேண்டாம் என்றேன். நெஞ்சு லேசானது. வீட்டில் வீட்டுக்காரர் சொன்னதும் இதேதான். அப்போது மட்டும் ஏன் அத்தனை பாரம் என்று இன்றும் யோசிக்கிறேன்.

நான் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது வீட்டுக்காரர் பேனாவோடு தயாராக நின்றார். புருஷன் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை என்று பின்னாலேயே வந்த டாக்டரம்மா சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"அப்ப நான் என்னங்க பண்றது?"

லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து நனைந்தாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ உடனே வரவேண்டும். இரண்டு வாரத்தில் எப்படியும் ஒருமுறை காட்டவேண்டும். அத்தனையையும் வீட்டுக்காரர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

மகள் இப்போது எல்.கே.ஜி. போகிறாள். டாக்டரம்மா வேறு ஊருக்குப் போய்விட்டார். மாத்திரை போட்டபோது வந்த வலிகூட மங்கிவிட்டது. வலி அடங்கிய மாலை, கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வீட்டுக்காரர் கேட்டது மட்டும் மங்கவில்லை.

"உள்ள என்ன சொன்ன?"

"வேண்டாம்னு சொன்னேனுங்க."

"நான் சொன்னதுதானே?"

"இல்லீங்க. நான் சொன்னது."