மாமா கடையில் வாங்காத கம்ப்யூட்டர்

உருகும் ஈயத்தின் புகையும், எங்கள் வீட்டில் "உணக்கமீன்" என்று சொல்கிற கருவாட்டின் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறினால், கண்ணன் மாமாவின் கடை வந்துவிட்டது என்று அர்த்தம். மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படிக்குப் போகும் சாலையில், கருவாட்டுக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், ஒற்றை ஷட்டர் போட்ட சின்ன அறை அது. அங்கே என் அம்மாவின் தம்பி கம்ப்யூட்டர் விற்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். பழைய பெட்டிகளைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பதில்தான் அவருடைய நாள் கழியும். புதிதாக ஒன்றை விற்றது அபூர்வம்.

அப்பா, அம்மா இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் கொள்ளுத்தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தெருக்கூட்டும் வேலைக்காகக் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டவை. அப்பாவும் கார்ப்பரேஷனில் அதே வேலைதான் செய்தார். விடியும் முன்பே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு தள்ளுவண்டியோடு பஜாருக்குப் போய்விடுவார். துடைப்பத்தைத் தொடாத முதல் ஆள் கண்ணன் மாமா. பிளஸ் டூ முடித்து, கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஒரு டிப்ளமோ படித்து, கடை வைத்துவிட்டார் என்பதில் அம்மாவுக்கு இருந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. திறப்புவிழா அன்று போர்டைப் பார்த்துவிட்டு, "மலையாளம் இருக்கு, இங்கிலீஷ் இருக்கு. ஒரு ஓரத்துல தமிழ்லயும் எழுதப்படாதாடா?" என்று கேட்டாள். "தமிழ்ல எழுதினா நம்மாளுகதான் வருவாங்க அக்கா. நம்மாளுக யாரு கம்ப்யூட்டர் வாங்கப் போறாங்க?" என்றார் மாமா. அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார்.

நான் பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம் அந்த "நம்மாளுக" நாங்களே ஆனோம். கம்ப்யூட்டரில் செய்முறைத் தேர்வு உண்டு என்றும், பள்ளிக்கூடத்து இயந்திரம் எல்லோருக்கும் போதாது, வீட்டில் வசதி உள்ளவர்கள் பழகிக்கொள்ளுங்கள் என்றும் டீச்சர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். அப்பா அடுத்த வாரம் பி.எஃப். கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, "செல்விக்குக் கம்ப்யூட்டர் வாங்குறோம், கேட்டோ" என்று சாப்பிடும்போது சொன்னார். எங்கே வாங்குவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியாகவே அது எங்களுக்குத் தோன்றவில்லை.

செய்தி கேட்ட அன்றே மாமா வந்துவிட்டார். பழைய கீபோர்டு ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "பெட்டி ஓணத்துக்கு வரும் மருமவளே, அதுவரைக்கும் கை பழகட்டும்." எதோடும் இணைக்காத அந்தக் கீபோர்டைக் கட்டிலில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி என் பெயரையும் பள்ளியின் பெயரையும் தட்டிப் பழகினேன். திரை இல்லாததால் தப்பும் தெரியாது. மாமா என்னென்ன பாகங்கள் போடலாம் என்று அம்மாவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் புரியாமலே அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மட்டும், "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்தப் "பாக்கலாம்" ஆடி மழை முழுவதும் நீண்டது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, என்னை ஃபோர்ட் கொச்சி படகு ஜெட்டிக்கு அழைத்துப் போனார். படகில் வெலிங்டன் தீவைக் கடக்கும்போதுதான், எறணாகுளத்தில் ஒரு கடையைப் பார்த்துவிட்டு வருவோம், சும்மா பார்க்கத்தான் என்று சொன்னார்.

கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அடித்தது. தட்டையான திரைகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மீன் ஒரே நேரத்தில் நீந்திக்கொண்டிருந்தது. டை கட்டிய ஒரு சேட்டன் எங்களை நோக்கி வந்தார். அப்பா தன்னையறியாமலே ஓரடி பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். அந்த ஆள், "வரூ சார், இரிக்கூ சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். குளிர்ந்த தண்ணீர் வந்தது. "சார் ஏது பட்ஜெட்டிலாணு நோக்குன்னது?" என்று, எவ்வளவு விலைக்குள் பார்க்கிறோம் என்பதைக் கேட்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "சார்" போட்டுப் பேசினார். அப்பா அவர் சொன்னதில் பாதியைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தண்ணீர்க் கிளாசைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லக் குடித்தார். திரும்பும்போது அவர்கள் கொடுத்த வழவழப்பான விளம்பரத் தாள் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். படகில் அவர் முகத்தில் இருந்த அந்த அமைதியை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அடுப்படியில் பேச்சு வந்தது. எறணாகுளம் போன கதையை நான்தான் உளறியிருந்தேன். சாயாவுக்குப் பால் வைத்திருந்த அம்மா திரும்பாமலே கேட்டாள்: "சொந்தத் தம்பி கடையைத் தொறந்து வச்சிட்டு ஈ ஓட்டிட்டிருக்கான். நம்ம காசை எறணாகுளத்துக்காரனுக்குக் குடுக்கணுமா?"

"நல்ல கடை. வாரன்ட்டி உண்டு" என்றார் அப்பா.

"என் தம்பி தர மாட்டானா வாரன்ட்டி? ராத்திரி பகல்னு பாக்காம வருவான். அவங்கிட்ட வாங்காததுக்குக் காரணத்தைச் சொல்லுங்க."

யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல அப்பா சொன்னார். "விஷுவுக்கு முந்தி, ஒருத்தனுக்கு லீவுன்னு தோப்பும்படி ரோட்டை எனக்குக் குடுத்தாங்க. நல்ல வெயில். உன் தம்பி கடை முன்னாடி வண்டியை நிறுத்திட்டு, கொஞ்சம் தண்ணி குடிக்கலாம்னு படியில கால் வச்சேன். உள்ளே ஒரு பெரிய மனுஷன் இருந்தார். ஆரு இதுன்னு கேட்டார். 'அது வேஸ்ட் எடுக்கான் வந்ததாணு'ன்னான் உன் தம்பி."

குப்பை எடுக்க வந்த ஆள். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லிட்டு, கீழே கெடந்த ஒரு காலி அட்டப்பெட்டியை எடுத்து எங்கையில குடுத்தான். நானும் வாங்கி வண்டியில போட்டுட்டு வந்துட்டேன்."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அம்மா அதை இறக்கவில்லை. அப்பாதான் எழுந்து அடுப்பை அணைத்தார். அன்று மதியம் சேலையைக்கூட மாற்றாமல் அம்மா தோப்பும்படிக்கு நடந்து போனாள். தம்பியிடம் என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவள் நேராகத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் மாமா வந்தார். மழையில் நனைந்துகொண்டே வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அத்தான், அந்த ஆளு டியூஷன் சென்டர் நடத்துறவர். ஒரு ரூம் நெறைய சிஸ்டம் போடணும்னு வந்தார். அந்த நேரத்துல எனக்கு ஒண்ணும் ஓடலை. வாய் தவறிப் போச்சு."

"வாங்கினாரா?" என்று கேட்டார் அப்பா.

"இல்ல அத்தான். பின்னே வரேன்னு போனவர்தான்."

அப்பா தலையை அசைத்தார். உண்மையிலேயே அந்த வியாபாரம் நடக்காமல் போனதற்காக அவர் வருத்தப்பட்டதுபோல இருந்தது. "உள்ள வா கண்ணா, சாயா குடி. நீ சொன்னதுல என்ன தப்பு? நான் வேஸ்ட் எடுக்க வர்ற ஆளுதானே" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் மோசம். அப்பா திட்டியிருந்தால், அடித்திருந்தால்கூட, மாமா அழுது தீர்த்துவிட்டு மறுவாரம் வீட்டில் வந்து சாப்பிட்டிருப்பார். வாசலிலேயே நின்று சாயாவைப் பாதி குடித்துவிட்டு டம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அம்மா கீபோர்டைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்பினாள். மாமா அதை வாங்கி மேசைக்கடியில் வைத்துவிட்டு, "எறணாகுளத்துல எந்தக் கடை?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "நல்ல கடைதான்" என்றார்.

ஓணத்துக்கு முன்பு கம்ப்யூட்டர் வந்தது. நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பதினைந்து வயது எனக்கு. தட்டைத் திரையைப் பார்க்கத் தெருவே வந்தது. அப்பா வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, நான் தட்டுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா மட்டும் அந்த மேசையைத் துடைப்பதோடு சரி, திரையை ஒருநாளும் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பெட்டி ஒரு நாள் எழும்பவே இல்லை. கடைக்குப் போன் செய்தால், கொண்டு வாருங்கள் என்றார்கள். அப்பா மறுபடி வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெட்டியைப் படகில் மடியில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தார். ரிப்பேர் பகுதி அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் இல்லை. கட்டடத்தின் பின்பக்கம், ஏணிப்படிக்குக் கீழே இருந்தது. நாற்காலி கிடையாது. அங்கே அப்பாவை யாரும் சார் என்று கூப்பிடவில்லை. டோக்கன் நம்பரைத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தவன் நிமிர்ந்து பார்க்காமலே, மின்சாரம் ஏறி இறங்கியதில் எரிந்த மதர்போர்டு வாரன்ட்டியில் வராது, புதிது போட வேண்டும் என்றான். அப்பா, "சாரே, ஒந்நு கூடி நோக்காமோ?" என்று கேட்டார். இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று. அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கண்ணன் மாமா நடந்து வரும் தூரத்தில் இருந்தார். அவரைக் கூப்பிடலாம் என்று வீட்டில் மூன்று பேருக்கும் தோன்றியிருக்கும். யாரும் சொல்லவில்லை. பெட்டியின் மேல் அம்மாவின் பழைய சேலை ஒன்று விழுந்தது. தேர்வைப் பள்ளிக்கூடத்து இயந்திரத்தில் பழகியதை வைத்து எழுதி, எப்படியோ தேறினேன்.

விஷுவுக்கு மாமா வந்தார், வழக்கமான பலகாரப் பொட்டலத்தோடு. மேசைப் பக்கம் உட்கார்ந்திருந்தவரின் கை, பேச்சுக்கு நடுவே, தானாகச் சேலைக்கடியில் போய்ப் பெட்டியின் பின்பக்க வயரைத் தொட்டுப் பார்த்தது. அடுப்படி வாசலில் இருந்து அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மாமா கையை எடுத்துக்கொண்டார். அந்த மழைக்காலம் தொடங்கும் முன்பே கடையை மூடிவிட்டுத் திருப்பூருக்குப் போனார். ஒரு பனியன் கம்பெனியில், சரக்கை அடுக்கிக் கட்டும் வேலை. அப்பா இறந்தபோது வந்தார். தகனம் முடிந்ததும் பஸ் ஏறிவிட்டார்.

இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் லாட்டரிச் சீட்டு விற்கிறார்கள். கருவாட்டுக் கடை போய்விட்டது. எறணாகுளத்துக் கண்ணாடிக் கதவுக்குள் இப்போது பட்டுச்சேலை விற்கிறது. நாங்கள் போன மரப்படகும் இல்லை. அதற்குப் பதில் ஓடும் வாட்டர் மெட்ரோவில் ஜன்னல் திறப்பதில்லை. நான் திருப்பூணித்துறையில் ஒரு மருத்துவமனையின் பில் பிரிவில் நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறாள்.

போன மாதம் என் மகளுக்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா கட்டிலில் இருந்தபடியே கேட்டாள்.

"எங்க வாங்குன?"

"போன்லம்மா."

"கடை எங்க?"

"கடையெல்லாம் இல்ல."

"அப்ப ஆருகிட்ட வாங்குன?"

"ஆருகிட்டயும் இல்லம்மா."

"அதுவும் நல்லதுதான் மோளே. ஆருக்கும் சங்கடம் இல்லல்லோ" என்றாள் அம்மா. பிறகு, நான் வேறு வேலைக்குப் போன பின்னால், கண்ணன் மாமாவின் நம்பர் என் போனில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, கூப்பிடட்டுமா என்றேன்.

"வேண்டாம்" என்றாள். "இருக்கான்னு மட்டும் கேட்டேன்."