அக்கா கையால் இட்ட கோடுகள்

எங்கள் அக்கா பிரிந்து இன்று முப்பத்தோராம் நாள். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரோடு என்னளவுக்குப் பழகியவர்கள். அதனால் இல்லாததை எழுதி நான் தப்ப முடியாது. அக்கா பிடிவாதக்காரி. நானும் லேசுப்பட்டவள் அல்ல.

சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பமொன்றில் மூத்தவராகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா நோயில் விழுந்ததும் படிப்பை நிறுத்தினார். தட்டெழுத்துப் பழகி, உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார். சண்டைக் காலத்தில் இரண்டு தடவை இடம்பெயர்ந்தோம். விடுதியும் பூட்டிக் கிடந்து மறுபடி திறந்தது. என்னையும் தம்பியையும் படிப்பித்தது அந்தச் சம்பளம்தான். தனக்கென்று ஒரு கல்யாணப் பேச்சை எடுக்கவும் அவர் விடவில்லை.

விடுதியின் சாப்பாட்டு அட்டைகள் அக்காவின் பொறுப்பு. ஆங்கிலத்தில் அடித்த அந்த அட்டைகளில் கஃபே, பியூரே, கிறெம் கரமெல் என்று பிரெஞ்சிலிருந்து வந்த பெயர்கள் பல இருக்கும். பிரெஞ்சுக்காரர் அவற்றின் சில எழுத்துகளுக்கு மேலே சாய்ந்த சிறு கோடு இடுவார்கள். தட்டெழுத்து மெசினில் அந்தக் கோடு கிடையாது. அக்கா அடித்து முடித்ததும் மெல்லிய முனைப் பேனாவை எடுத்து, ஒவ்வோர் அட்டையிலும் கையால் இடுவார். சிலது வலப்பக்கம் சாயும், சிலது இடப்பக்கம். ஒருநாளும் மாற்றி இட்டதில்லை.

நான் ஆங்கில ஆசிரியை, சும்மா விடுவேனா? இங்கிலீஷ்காரரே இப்போது அதைப் பெரிதாகப் போடுவதில்லை, ஹோட்டல் என்ற சொல்கூடப் பிரெஞ்சிலிருந்து எழுத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு குறியோடு வந்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டது, அக்காவுக்கு மட்டும் என்ன வந்தது என்று எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன்.

“அவங்கள் போடாட்டி அவங்கட பாடு. இந்த அட்டையை எழுதுறது நான்,” என்றார் ஒருமுறை.

அத்தோடு கதை முடிந்தது. தன் கையால் போகும் எதுவும் அரைகுறையாகப் போகக்கூடாது என்பது அவருடைய எண்ணம். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. பிற்காலத்தில் அட்டைகளை நகரத்து அச்சகத்தில் அடிப்பித்தார்கள். அப்போதும் சரிபார்த்தது அக்காதான்.

பிறகு பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. வலது கை மட்டும் தப்பியது. வேலை செய்யாமல் ஒருவரிடமும் வாங்கமாட்டேன் என்று, விடுதி முதலாளி அனுப்பிய உதவியைத் திருப்பி அனுப்பினார். என்னிடமும் வாங்க மறுத்தார். சாப்பாடு குறைந்தது, கதை குறைந்தது. பகல் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். அக்கா இப்படியே போய்விடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

அந்த நாட்களில்தான் முதலாளி, அவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், ஒரு கட்டு அட்டைகளை வீட்டுக்கு அனுப்பினார். அச்சடித்திருந்தது, கோடுகள் மட்டும் இல்லை. விடுதியில் எல்லோரும் மிஸ் என்று கூப்பிடும் அக்காதான் இட்டுத் தரவேண்டுமாம். அதன்பின் மாதாமாதம் கட்டு வந்தது, சம்பளமும் வந்தது. அக்கா எழும்பி இருந்து, மடியில் பலகை வைத்து இடத் தொடங்கினார். முடிக்காமல் சாப்பிடமாட்டார், விரல் பிடித்துக்கொண்டாலும் விடமாட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே விடுதிக்குப் போய், ஆட்களுக்கு முன்னால் முதலாளியைக் கிழி கிழி என்று கிழித்தேன். கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் வருவதை நோயாளியைக் கொண்டு செய்விக்க வெட்கமில்லையா என்று கேட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். அடுத்த மாதமும் கட்டு வந்தது.

இந்த மலரை அச்சிடக் கொடுக்க, விடுதி அட்டைகளை அடித்த அதே அச்சகத்துக்குத்தான் போனேன். முதலாளியைப் பற்றிக் காரமாக ஒரு பந்தி எழுதியிருந்தேன். அச்சகக்காரர் அதை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

“ரீச்சர், கோடில்லாமல் அடிக்கச் சொன்னதே முதலாளிதான். மிஸ்ஸுக்கு ஒரு வேலை இருக்கட்டுமெண்டு. நாங்கள் இருந்த கோட்டையெல்லாம் எடுத்துப்போட்டுத்தான் அடிச்சனாங்கள்.”

கம்ப்யூட்டரில் அந்தக் கோட்டை இடும் விதத்தை முன்பு அந்த அச்சகக்காரருக்குச் சொல்லிக் கொடுத்ததே அக்காதானாம். அந்தப் பந்தியை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

அங்கிருந்து முதலாளியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். விடுங்கள் என்று கையை அசைத்தார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார்.

“மிஸ்ஸுக்கு இது தெரிஞ்சிருக்குமா?”

பதில் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அக்காவைத் தூக்கிக் குளிப்பாட்ட உதவிய அயல்வீட்டுப் பெண்களுக்கும், மருந்து கட்டிய தாதிமாருக்கும், இறுதி நாளில் பந்தல் போட்டுச் சமைத்துத் தோள் கொடுத்த சல்லி உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

முதலாளி, அன்று நான் சொல்லாத பதிலை எல்லோரும் வாசிக்க இங்கே எழுதுகிறேன். அக்காவுக்குத் தெரியும். முதல் கட்டு அட்டை வந்த அன்றே தெரிந்திருக்கும், அச்சகத்துக்கு அந்தக் கோட்டைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே. ஒருவரிடமும் சும்மா எதையும் வாங்காத எங்கள் அக்கா, தெரிந்துகொண்டே உங்களிடம் வாங்கினார்.