டெங்கு வாட்டில் பிடித்த நோன்பு

சென்ற வருடம், ரமழானின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு வியாழக்கிழமை. பொழுது பட்டால், ஆயிரம் மாதங்களை விடச் சிறந்த இரவு என்று நாங்கள் எதிர்பார்த்திருக்கும் இருபத்தேழாம் இரவு. உப்பள வேலை செய்யும் என் தம்பி, டெங்குவோடு புத்தளக் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்திருந்தான்.

முந்திய நாளே காய்ச்சல் விட்டிருந்தது. நாங்கள் சந்தோஷப்பட்டோம், வாட்டில் இருந்த தாதி மிஸ்ஸி சந்தோஷப்படவில்லை. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் உயிருக்கு ஆபத்து, மணிக்கொரு தடவை உப்பும் சீனியும் கலந்த ஜீவனித் தண்ணீர் குடிக்க வேண்டும், போகிற சிறுநீரைப் போத்தலில் பிடித்து வைக்க வேண்டும் என்றார். பக்கத்தில் நின்று அதைக் கவனிக்க வேண்டியவர் அவர்தான். ஆனால் கட்டில்கள் நிரம்பித் தரையிலும் பாய் விரித்து நோயாளிகள் கிடந்த அந்த வாட்டுக்கு அவர் ஒருவர்தான் தாதி. சிலாபப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். இரவு வேலைக்கு வந்தவர், காலையில் அவரை விடுவிக்க வேண்டியவர் வராததால் அப்படியே நின்றுவிட்டார். கூட வேலை செய்தவர்கள் வெளிநாடு போகப் போக, இதுவே வழக்கமாகிவிட்டதாம்.

நான் செவ்விளநீர் தேடி வெளியே போய், மதியம் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பினேன். ஜீவனிப் போத்தல் பாதிக்கு மேல் காலியாகியிருந்தது. மனம் ஆறுதலடைந்தது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குச் சற்று முன்புதான் மிஸ்ஸியால் மறுபடி எங்கள் கட்டிலுக்கு வர முடிந்தது. சிறுநீர்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கொஞ்சம், தேயிலைச் சாயம் போல. தம்பியின் கையைத் தொட்டார், முகம் மாறியது.

"கை குளிருது. தண்ணி குடிச்சீங்களா நானா?"

"ஓம், குடிச்ச மிஸ்ஸி," என்றான் தம்பி.

பக்கத்துக் கட்டில் கிழவர் எழுந்து உட்கார்ந்தார். "நோன்போட பொய் சொன்னா நன்மை போயிடும் தம்பி. அவ்வளவத்தையும் கை கழுவுற தொட்டிக்குள்ள ஊத்தினீங்க, நான் கண்டேன்."

அப்போதுதான் விளங்கியது. இருபத்தேழாம் இரவை நோன்பாளியாக அடைய வேண்டும் என்று, விடியலுக்கு முந்திய சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

மிஸ்ஸி ஏசவில்லை. ஏசுவதற்கும் தெம்பு வேண்டும். ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தார். சேலைன் ஏற்றச் சொன்னார்கள்.

"நோன்பு திறக்கிற பாங்குக்கு இன்னும் ரெண்டு மூணு மணித்தியாலம்தானே மிஸ்ஸி," என்று தம்பி கையை இழுத்துக்கொண்டான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. "நானும் ராத்திரியில இருந்து ஒண்டும் சாப்பிடல்ல நானா. எனக்கு அதுக்கு நன்மையும் இல்ல. கையத் தாங்க."

தம்பி கையை நீட்டினான். நரம்பு அகப்படவில்லை. மூன்றாம் முறைதான் ஊசி ஏறியது.

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொன்னபோது வாட்டெங்கும் பிளாஸ்க்குகள் திறந்தன. யாரோ மிஸ்ஸிக்கும் ஒரு கோப்பை கஞ்சி கொடுத்தார்கள். வாயருகே கொண்டுபோகும்போது, தரையில் கிடந்த ஒருவர் வாந்தியெடுத்தார். கோப்பை மேசைக்குப் போனது. அவரைத் துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொருவரின் மகன் கத்தினான்: "எவ்வளவு நேரமாக் கூப்பிடுறது? சும்மா நிக்கவா சம்பளம் தாறாங்க?" அவர் அந்தப் பக்கம் போனார். கஞ்சியில் ஆடை படிந்தது.

தம்பி பிழைத்துக்கொண்டான். டொக்டர் சொன்னது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் நிலைமை கைமீறியிருக்கும் என்று. விட்ட நோன்புகளைப் பெருநாளுக்குப் பிறகு பிடித்துக் களாச் செய்தான். அந்த மிஸ்ஸியும் வெளிநாடு போய்விட்டதாக அண்மையில் கேள்விப்பட்டேன். நல்லவர்கள் எல்லாம் போய்விடுகிறார்கள் என்று பலரும் குறைப்பட்டார்கள்; எனக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை. நோன்பு திறக்க உட்காரும்போதெல்லாம், நம் பசியை நேரத்துக்கு முடித்து வைக்க ஒரு பாங்கு இருப்பதே எவ்வளவு பெரிய பாக்கியம் என்று நினைத்துக்கொள்கிறேன்.