திருவிடந்தைக்குச் சேதி சொல்லப் போனது

படாளத்திலிருந்து திருவிடந்தைக்கு நேர் பஸ் கிடையாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிச் செங்கல்பட்டு, அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், பிறகு கடற்கரைச் சாலையில் வடக்கே இன்னொரு பஸ். என் தங்கை சரோஜாவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் தேவராஜ், பெருமாள் கோயில் வாசலில் மாலைக்கடை வைத்திருக்கிறார். வழி தெரிந்திருந்தும் நான் அதிகம் போனதில்லை. நாலு பேர் உள்ள இடத்தில் எனக்குப் பேச்சு வராது, உறவுக்காரர் வீடானாலும் அப்படித்தான். இரண்டாயிரமாவது வருஷம் ஐப்பசியில் போய்வந்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

திங்கட்கிழமை

கவலை திருவிடந்தையிலிருந்துதான் முதலில் வந்தது. சரோஜாவின் மகள் மல்லிகா பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்து ஆண்குழந்தை பெற்றிருந்தாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் மஞ்சளாக இருக்கிறது, தினமும் காலை வெயிலில் காட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று எங்கள் ஊர் மளிகைக்கடைக்குப் போன் வந்தது. மழை மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்று என் மனைவி புலம்பினாள்.

செவ்வாய்க்கிழமை

மறுநாள் எங்கள் தலையிலேயே இடி விழுந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் என் அண்ணன் கண்ணப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். வாந்தி நிற்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குடலில் அடைப்பு, வியாழக்கிழமை காலையில் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும், அதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். கைநாட்டு வைக்கக் காகிதத்தை நீட்டினார்கள்.

அண்ணன் கையை இழுத்துக்கொண்டான். "சரோஜாவப் பாக்காம கத்தி வெக்க வுடமாட்டேன்" என்றான்.

அம்மா இறந்தபோது சரோஜா நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். அண்ணன்தான் தோளில் தூக்கி வளர்த்தான். அதனால் அண்ணி கெஞ்சியும் அவன் இறங்கிவரவில்லை. திருவிடந்தைக்குப் போன் போட்டுப் பார்த்தோம். மழையில் லைன் செத்துக் கிடந்தது. "நீ போயி இட்டுனு வந்துரு. நாளிக்கி சாயந்தரத்துக்குள்ள வந்துரணும்" என்றாள் அண்ணி.

புதன்கிழமை

இரவெல்லாம் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு விடிவதற்கு முன்பே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ஒரு டீ குடித்தேன். மாமல்லபுரம் பஸ்ஸில் எட்டு ரூபாய் டிக்கெட். ஜன்னலுக்குப் போட்டிருந்த தகரத்தில் மழை சடசடவென்று அடித்தது. திருக்கழுக்குன்றம் மலை பாதிவரைதான் தெரிந்தது, மேலே மேகம். வழியெல்லாம் வயல்களில் தண்ணீர் நின்றது. வேறு சமயமாக இருந்தால் பார்த்துக்கொண்டே போயிருப்பேன். அன்றைக்கு அண்ணன் முகமே முன்னால் நின்றது.

மாமல்லபுரத்தில் பஸ் மாறியபோது மழை விட்டிருந்தது. கடற்கரைச் சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்ததால் பஸ் மெதுவாகத்தான் போனது. ஒரு பக்கம் சவுக்குத்தோப்பு, அதன் இடைவெளியில் கடல். எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாளும் அவருடைய வளர்ந்த மகனும் இருந்தார்கள். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்தி, அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றுவது வழக்கம். அவர்களும் அதற்குத்தான் போனார்கள்.

நானும் திருவிடந்தை என்று டிக்கெட் கேட்டதும் கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா அண்ணாத்த, உனக்கும் இன்னும் ஆவலியா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அந்த அம்மாள் திரும்பி, "கவலப்படாத தம்பி, எந்த வயசுலயும் குடுப்பாரு" என்று ஆறுதல் சொன்னார்.

சரோஜாவின் வீடு கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கிறது. போகும்போதே ஒன்றை முடிவு செய்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் இரவு முழுக்கக் கிடந்த உடம்பு, குளிக்கவில்லை. பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டுக்குள் அப்படியே நுழையக் கூடாது. அதுவும் உடம்பு சரியில்லாத குழந்தை. வாசலில் நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கிணற்றடியில் குளித்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

சரோஜா கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "சின்னண்ணே! இன்னா இவ்ளோ காலைல? உள்ள வா."

நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் முருங்கைமரத்தடியிலேயே நின்றேன். "இல்ல, இங்கியே நிக்கிறேன்."

உள்ளே ஓடிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சொம்பை நான் தொட்டால் அது மறுபடி வீட்டுக்குள்தானே போகும்? "தண்ணி வேணாம்மா" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். தங்கை வீட்டுக்குப் பூவோ பழமோ இல்லாமல் நாங்கள் போவதில்லை. கையில் ஒன்றுமில்லை. பிறகு முகத்தைப் பார்த்தாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவுச் சேதி சொல்ல வருகிறவன் வெறுங்கையோடு வருவான். வீட்டுக்குள் கால் வைக்கமாட்டான். தண்ணீர் கொடுத்தால் வாங்கமாட்டான். வாசலுக்கு எதிரே நின்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். குழந்தைக்கு ஆகாதே என்று பார்த்துப் பார்த்து நான் செய்தது எல்லாம் அதுவாகவே இருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

"அண்ணன்..." என்று ஆரம்பித்தேன். பக்கத்து வாசல் பெண்கள் பார்ப்பதைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டேன்.

சொம்பு கீழே விழுந்தது. சரோஜா மார்பில் அடித்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "என்னத் தோள்ல தூக்கினு ஏரிக்கரையச் சுத்துன ராசா, என்ன வுட்டுட்டுப் போயிட்டியா" என்று குரல் எடுத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் தெருப்பெண்கள் கூடிவிட்டார்கள். முடியை அவிழ்த்துப்போட்டு, தோளோடு தோள் பிடித்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். "அப்டி இல்ல, அப்டி இல்ல" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. ஒருவர் தேவராஜிடம் சொல்லக் கடைக்கு ஓடினார். இன்னொருவர் என் தோளைத் தட்டி, "தைரியமா இருப்பா" என்றார்.

ஜன்னலில் மல்லிகா தெரிந்தாள். மடியில் குழந்தை. கண்ணெல்லாம் தண்ணீர். "எப்டி மாமா ஆச்சி?" என்று கேட்டாள்.

ஒரே ஆள் கேட்டால் எனக்குப் பேச வரும். "கொடல்ல அடைப்பும்மா. நாளிக்கி ஆப்பரேஷன்."

"செத்தவருக்கு இன்னாத்துக்கு மாமா ஆப்பரேஷன்?"

"யாரு செத்தது?"

 மல்லிகா, குழந்தை பயந்து வீறிடும் அளவுக்குக் கத்தினாள். "எம்மா, அயுவாத! பெரியமாமா உயிரோட கீறாரு!"

அழுகை ஒவ்வொரு குரலாக நின்றது. முடியை அவிழ்த்திருந்தவர்கள் அள்ளி முடிந்துகொண்டார்கள். "தோ பாரு, எனுக்குத் தொண்டையே கட்டிக்கிச்சி" என்றாள் ஒருத்தி. "வுடுடி, இப்டி அயுதா ஆயுசு கெட்டி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் முருங்கைமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளலாமா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து தேவராஜ் ஒரு வேனில் வந்து இறங்கினார். கையில் ஆள் உயரத்துக்கு ஒரு மாலை. விஷயத்தைக் கேட்டுத் திண்டாடிப்போனார். "இன்னா மச்சான் நீ, வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? ரெண்டு கல்யாண மாலையப் பிரிச்சி இத்தக் கட்டினு வந்தேன்."

வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார். "நைனா, ஆளு கீறாரா இல்லியா? ஒரு முடிவா சொல்லுங்க."

"கீறாருப்பா, நீ கெளம்பு."

அதே வேனில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றேன். யாரும் ஒப்பவில்லை. சாவுக்குப் பேசின வண்டியில் நோயாளியைப் பார்க்கப் போவார்களா? மாலையை மறுபடி கடையில் வைக்கவும் முடியாது. தேவராஜ் அதைத் தூக்கிக்கொண்டு சவுக்குத்தோப்பைத் தாண்டிப் போய்க் கடலில் விட்டுவிட்டு வந்தார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சரோஜா எழுந்திருக்கவில்லை. "நான் வர்ல சின்னண்ணே" என்றாள். "உயிரோட இருக்குற மனுசனுக்கு ஒப்பாரி வெச்ச வாயி. அயுத கண்ணோட போயி அதும் மூஞ்சியப் பாத்தா, நாளிக்கி ஒண்ணு ஆயிடிச்சின்னா? நான்தான் முன்கூட்டியே அயுது அனுப்பிட்டேன்னு ஆவும்."

தேவராஜ் சொல்லிப் பார்த்தார். அழுத பெண்களும் சொன்னார்கள். அவள் தலையைத் தூக்கவில்லை. மாமல்லபுரம் போகும் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது கேட்டது. நாளைக் காலை வரைதான் டாக்டர் கெடு கொடுத்திருக்கிறார்.

நான் மரத்தடியைவிட்டு அவள் பக்கத்தில் வந்து குந்தினேன். "உன்னப் பாத்தாத்தான் கைநாட்டு வெப்பேன்றான். வெக்கலன்னா வெளியில படுக்கவெச்சிருவாங்க. அப்பறம் நீ நெஜமா அயுவணும். உனக்கு எது இஷ்டமோ செய்யி" என்றேன். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் முன்னால் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை.

அவள் எழுந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனாள். நானும் குளித்துவிட்டு உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தேன். உடம்பில் மஞ்சள் இறங்கிவிட்டது, கண்ணில்தான் கொஞ்சம் பாக்கி என்றாள் மல்லிகா. "நீ போயிட்டு வாம்மா, இவன நான் பாத்துக்குறேன்" என்று அம்மாவை அனுப்பிவைத்தாள்.

திரும்பும் வழியில் சரோஜா ஈரத்தலையோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது ஒரே ஒரு தடவை பேசினாள். "பெரியண்ணங்கிட்ட எதுவும் சொல்லிடாத." சரி என்றேன். என்னிடம் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

மழையில் பஸ்ஸுக்குக் காத்துக் காத்து, செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். அண்ணன் மூக்கில் குழாயோடு படுத்திருந்தான். சரோஜா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு இன்னாத்துக்கு வீங்கிக் கீது?"

அண்ணனிடம் சொல்லாதே என்று என்னைத் தடுத்தவள், தானே எல்லாவற்றையும் கொட்டினாள். முருங்கைமரம், சொம்பு, வேன், மாலை எதையும் விடவில்லை. அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் என் பக்கம் கண்ணைத் திருப்பினான். நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னா சொல்லி அயுத?" என்று கேட்டான் அவளை.

"அது இன்னாத்துக்கு இப்ப?"

"எனக்கு வெச்ச ஒப்பாரிய எனக்குச் சொல்றதுக்கு இன்னா?"

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "ராசான்னேன். தோள்ல தூக்கினு ஏரிக்கரையச் சுத்துனன்னு சொன்னேன்."

"தூக்கிப்போட்டு ஒதச்சத சொன்னியா?"

"அத எதுக்குச் சொல்றாங்க?"

"சொல்லியிருக்கணும். பாதிதான் அயுதுருக்க." சிரிக்கப் போய் வலி தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்ததில் அவர் பெண்சாதி அவரை அதட்டினாள். வலி அடங்கியதும் அண்ணன் சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கைக் கட்டைவிரலை நர்ஸ் பக்கம் நீட்டினான்.

வியாழக்கிழமையும் அதற்குப் பிறகும்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம்.  வெளியே மழை பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது. மத்தியானம் டாக்டர் வந்து, குடல் முறுக்கிக்கொண்டிருந்தது, நேராக்கிவிட்டோம், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். சரோஜா அப்போதுதான் அழுதாள், சத்தம் இல்லாமல்.

சனிக்கிழமை தேவராஜ் வந்து அவளை அழைத்துப்போனார். குழந்தையின் கண்ணும் வெளுத்துவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கஞ்சி குடித்தான். அண்ணியை அங்கே வைத்துவிட்டு நான் ஊருக்குப் புறப்பட்டேன். மாமண்டூரில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் தண்ணீர் ஓடியது. பஸ்ஸில் எல்லோரும் எழுந்து பார்த்தார்கள், நானும் பார்த்தேன். செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் கடல் காற்றில் எல்லாமே பிசுபிசுவென்று இருக்கும். எங்கள் பக்கம் மண்வாசனை. படாளத்தில் இறங்கியதும் அது மூக்கில் ஏறியது.

எங்கள் தெருமுனையில் திரும்பினேன். என் மனைவி வாசலில் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேரும் வெளியே வந்து நின்றார்கள். என் கையில் பை இல்லை. துவைத்துக் காயவைத்திருந்த துணியோடு அதை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். நான் குளிக்கவும் இல்லை.

அங்கேயே நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "அண்ணன் நல்லாக் கீறான்! கஞ்சி குடிச்சான்!"

எங்கள் தெருவில் யாரும் அதுவரை என் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. மாடுகூடத் திரும்பிப் பார்த்தது.