என் சான்றிதழ் தொங்கிய மருந்துக்கடை

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போன சமயம் அது. எங்கள் சிறிய தோட்டத்தில் பறிக்கும் கூலிக்கே கட்டுப்படியாகவில்லை. மருந்தாளுநர் படிப்பு முடித்திருந்த நான், வேறு வழி தெரியாமல் அரவேணுவில் ஒரு மருந்துக்கடைக்காரருக்கு, கடை உரிமத்துக்குக் காட்ட, என் சான்றிதழை வாடகைக்குக் கொடுத்தேன். கடையின் சுவரில் என் பெயரும் படமும் தொங்கின. நான் ஒரு நாளும் அங்கே உட்கார்ந்ததில்லை.

ஒரு மத்தியானம் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி, மழையில் நனைந்தபடி என் வீட்டைத் தேடி வந்தாள்.

“ஏனுங்க, கடையில படத்துல இருக்கறது நீங்கதானுங்களே? உங்க கடை மாத்திரையப் போட்டு எங்க ஊட்டுக்காரரு மயங்கிட்டாருங்க. என்ன மாத்திரைன்னு டாக்டர் கேக்கறாருங்க. கடை பூட்டிக் கெடக்குது.”

அவள் நீட்டிய மாத்திரை அட்டைத் துண்டில் மருந்துப் பெயரின் பாதி எழுத்துகள்தான் இருந்தன. எனக்கு அதுவே போதும். அவள் கணவர் கேட்டது ரத்த அழுத்த மாத்திரை என்றாள். கொடுத்திருந்தது சர்க்கரை நோய் மாத்திரை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துவிட்டு அவளோடு ஓடினேன்.

சாயங்காலம் அவர் கண் திறந்தார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“படிச்சவங்க நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தானுங்க அந்தக் கடைக்கே போறோம்.”

“நான் அங்க இருந்ததே இல்லைங்க” என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டாள்.

மறுநாளே சான்றிதழைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஒரே ஒரு பார்வையில் தடுத்திருக்கக்கூடிய தவறு அது. அந்தப் பார்வைக்காகத்தான் எனக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள் என்பது, அவள் கையை விட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.